மாதிரியில் உள்ளபடி கீறல்

துரு ஒழிப்பு வாரியத்தின் வாசல் கேட் துருப்பிடித்துத் திறக்காது. பொதுமக்கள் பக்கத்துச் சந்து வழியாகத்தான் நுழைய வேண்டும். ஆராய்ச்சிக்கார அம்மாவும் அப்படித்தான் நுழைந்தாள். அவள் மகள் தினமும் பள்ளிக்குப் போகிற இரும்பு நடைபாலம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. பெற்ற மனசு சும்மா இருக்குமா? களிமண்ணைக் கண்ணுக்குத் தெரியாத நானோத் துகளாக்கி, பிசினோடு ஒட்டி உறவாடும்படி அதன் குணத்தையும் மாற்றி, ஒரு பூச்சு கண்டுபிடித்துவிட்டாள். அதைப் பூசிய இரும்புத் தகடு மாதக்கணக்கில் வாரியத்தின் சோதனைத் தொட்டி உப்புத் தண்ணீரில் கிடந்தும் புதுமாப்பிள்ளை மாதிரி மினுமினுத்தது.

பரிசோதனை அதிகாரி தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கிப் போயிற்று.

"துரு எங்கம்மா?"

"வரலை சார். அதுதான் விஷயமே."

"வரலைன்னா எப்படி அளக்கிறது? துருவோட ஆழம் எவ்வளவுன்னு எழுதணுமே!"

"பூஜ்யம்னு எழுதுங்க சார்."

"பூஜ்யம்னா சோதனையே நடக்கலைன்னு அர்த்தம். நாளைக்குத் தணிக்கையில யாரு பதில் சொல்றது? எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்மா."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். காலண்டர் மாட்டியிருந்த ஆணியைப் பிடுங்கி, தகட்டின் நடுவே சர்ரென்று ஒரு கோடு இழுத்து, மறுபடியும் தண்ணீரில் போட்டாள். அடுத்த வாரம் அந்தக் கோட்டில் மட்டும் துரு பூத்திருந்தது. அதிகாரிக்கு வாயெல்லாம் பல்.

"இப்பதாம்மா இது ஒழுங்கான பூச்சு!"

சீல் விழுந்தது. பாலத்துக்கும் பூச்சு அடித்தார்கள். மறுநாள் அதே அதிகாரி தலைமையில் வாரியத்திலிருந்து ஒரு படை ஆணியோடு வந்து பாலத்தை நெடுகக் கீறத் தொடங்கியது. அவள் பதறியடித்து ஓடினாள்.

"என்ன சார் அநியாயம்!"

"அங்கீகரிச்ச மாதிரியில கீறல் இருக்கே. மாதிரியில் உள்ளபடி செய்யணும்கிறது விதி. அதுவும் நீங்க போட்ட கோடுதானேம்மா?"



அதற்குள் ஊரில் கீறல் இருந்தால்தான் அசல் நானோ என்று ஆகிவிட்டது. கடைகளில் பூச்சு டப்பாவுக்கு ஒரு ஆணி இலவசம். வசதியுள்ளவர்கள் காரையே கீறிக்கொண்டார்கள். அவள் வீடு திரும்பினால், கணவர் புதுப் பூச்சு அடித்த கேட்டுக்கு முன்னால் ஆணியும் கையுமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"கீறல் இல்லேன்னா போலின்னு எதிர்வீட்டுக்காரர் சிரிக்கிறார்டி."

மழைக்காலம் வந்தது. ஒருநாள் மகள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அம்மா! பாலம் முழுக்க துரு கோடு கோடா வந்திருக்கு! எங்கம்மா கண்டுபிடிச்சதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்!"