ரேட்டோ போட்ட எட்டாவது பயணத் திட்டம்

இந்த வருடமும் லிஸ்பனுக்குப் போகப்போவதில்லை என்று ரேட்டோ செப்டம்பரிலேயே தீர்மானித்துவிட்டார். அதை மனைவியிடம் சொல்லத் தேவையில்லை. திட்டம் போட்டுக்கொண்டே இருந்தால் போதும்.

முப்பத்தெட்டு வருடம் சுவிஸ் ரயில்வேயில் கால அட்டவணை போட்டவர். ஓய்வுபெற்ற வாரத்தில் மார்லீஸ் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஓல்டன் ஊரின் பனிமூட்டத்தை விட்டு மூன்று வாரம், ரயிலிலேயே, பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல் என்று போய் லிஸ்பனில் கடலைப் பார்க்க வேண்டும். அவர் உடனே ஒரு கோப்பைத் திறந்தார். ஜெனீவா, லியோன், பார்சிலோனா, மாட்ரிட். எந்த நடைமேடை, எத்தனை படி, எல்லாம் எழுதினார். முடிகிற நேரத்தில் டிசம்பர் வந்துவிட்டது. டிசம்பர் இரண்டாம் ஞாயிறன்று ஐரோப்பா முழுக்க அட்டவணை மாறும். போட்ட திட்டம் குப்பை. மறுபடி முதலிலிருந்து. இப்படி ஏழு கோப்புகள் அலமாரியில் சேர்ந்தன.

உண்மைக் காரணம் வேறு. அலுவலகத்தில் ஒரு ரயில் தாமதமானால் அது காகிதத்தில் ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். பாஷை தெரியாத ஊரில், பெட்டியைப் பிடித்துக்கொண்டு, வராத வண்டிக்காக நிற்கும் கிழவனாகத் தன்னை நினைத்தாலே அவருக்குப் பயம். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"இப்ப எந்த ஊர்ல இருக்க?" உருளைக்கிழங்கைத் துருவிக்கொண்டே மார்லீஸ் கேட்டாள்.

"லியோன்."

"போன வாரமும் லியோன்தானே?"

"அங்க வண்டி மாற பதினோரு நிமிஷம்தான் இருக்கு. யோசிக்கணும்."

"எனக்கு அறுபத்தொம்பது ஆகுது ரேட்டோ. இன்னும் எத்தனை டிசம்பர் மிச்சம்னு அட்டவணையில பாத்துச் சொல்லேன்."

அவர் பென்சிலைச் சீவினார். ஜன்னலுக்கு வெளியே பனியில் எதிர்வீடு தெரியவில்லை.

"சரி, விடு," என்றாள் அடுத்த கிழங்கை எடுத்துக்கொண்டே. "கீழ்வீட்டு பியேரியம்மா லிஸ்பன் போறாங்களாம். அவங்களுக்காவது ஒண்ணு போட்டுக் குடு. உன்னால முடியாட்டி ஏஜென்சில கேட்டுக்குவாங்களாம்."

"ஏஜென்சியா? அவனுங்களுக்கு லியோன்ல லிஃப்ட் எங்க இருக்குன்னு தெரியுமா?"

"லிஃப்ட் கட்டாயம் வேணும். பாவம், இடது முழங்கால் வலி. ராத்திரியில எழுந்து உக்காந்துடறாங்க."

எட்டே நாளில் முடித்தார். முழங்காலை மனதில் வைத்து ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாற்பது நிமிடம் விட்டார். கடல் தெரிகிற பக்கத்து இருக்கை. லிஃப்ட் இருக்கிற விடுதி. பியேரியம்மா கேட்டதாக மார்லீஸ் சொன்ன தேதிப்படியே, நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பி, மூன்று வாரத்தில், அட்டவணை மாறுவதற்குள் ஒரு திங்கட்கிழமை திரும்பிவிடலாம். இவ்வளவு அழகான திட்டத்தை அவர் வாழ்நாளில் போட்டதில்லை. சீட்டு வாங்குகிற வேலையை மார்லீஸ் எடுத்துக்கொண்டாள்.

மாடிப்படியில் திருமதி பியேரி எதிர்ப்பட்டார்.

"ரொம்ப நன்றிங்க சார். முழங்காலுக்குத் தோதா இருக்காம்."

சொல்லிவிட்டு, துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறிப் போனார். ரேட்டோ லியோன் லிஃப்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் செவ்வாய் காலை, தன் திட்டம் புறப்படுவதைப் பார்க்க அவரும் ஸ்டேஷனுக்குப் போனார். பனியில் நடைமேடையின் மறுமுனை தெரியவில்லை. மார்லீஸ் ஒரு நீலப் பெட்டியை இழுத்துக்கொண்டு கூட வந்தாள்.

"பியேரியம்மா பெட்டியை நீ எதுக்கு இழுக்கற?"

"முழங்கால் வலிக்காரி இழுக்கத்தானே சக்கரம் வெச்சிருக்கு."

"அவங்க எங்க? நாலு நிமிஷம்தான் இருக்கு."

"துவைச்சிட்டிருக்காங்க."

"இன்னிக்கா? செவ்வாய் உன்னோட நாளாச்சே!"

"ஆமா," என்றாள் மார்லீஸ்.

அந்தக் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து நிலவறையில் ஒரே துவைக்கும் இயந்திரம். வீட்டுக்கு ஒரு நாள். நிலவறைக் கதவில் முறைத்தாள் தொங்கும். பத்தொன்பது வருடமாக மார்லீஸ் தன் செவ்வாயை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. தாயைப் புதைத்த வாரத்தில்கூட.

ரேட்டோ பெட்டியைப் பார்த்தார். பிறகு அவள் காலைப் பார்த்தார்.

"உனக்கா முழங்கால் வலி?"

"நாலு வருஷமா."

"சொல்லவே இல்லையே?"

"சொன்னேன். நீ மாட்ரிட்ல இருந்த."

"அப்ப நான்?"

"உனக்கு எதுக்கு? நீதான் ஏழு தடவை போயிட்டு வந்துட்டியே."

வண்டி தாமதமாகலாம். அந்த நேரத்துக்குள் ஏதாவது சொல்லிவிடலாம். அந்தப் பயத்தைக்கூடச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வண்டியின் நேரத்தைப் பல வருடம் முன்பு கணக்கிட்டவரே அவர்தான். சொன்ன நிமிடத்துக்கு வந்து நின்றது. மார்லீஸ் கைப்பிடியைப் பற்றி, வலது காலை முதலில் வைத்து, மெதுவாக ஏறினாள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அவருக்குக் கையசைத்தாள். சொன்ன நிமிடத்துக்கு வண்டி கிளம்பியது. கடைசிப் பெட்டியைப் பனி விழுங்கியது.

வீட்டுக்கு வந்தவர் மாடி ஏறவில்லை. ஐரோப்பாவின் எல்லா அட்டவணையும் படித்தவர், முதல் தடவையாக நிலவறைக் கதவில் தொங்கிய தாளைப் படித்தார். உள்ளே இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று செவ்வாய்களில் மார்லீஸின் பெயரை அடித்து 'பியேரி' என்று எழுதியிருந்தது. மாற்றி எழுதிய தேதி செப்டம்பர். பியேரியம்மாவுக்கென்று அவர் அந்தத் திட்டத்தைத் தொடங்கியதற்கு முந்தின நாள்.

அவள் திரும்பி வரப்போகும் திங்கட்கிழமைக்கு மறுநாளான நான்காம் செவ்வாயில், மார்லீஸின் கையெழுத்தில் இருந்தது: 'ரேட்டோ. பயணத் துணிகள். வெள்ளை தனியாக.'