பல்லியா, பேரிங்கா?

ஓடும் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே அதன் கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று ஒரு காலத்தில் நம்பினேன். நான் ஒருவன்தான் அப்படி நம்பினேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. ஸ்க்ரூ டிரைவர் முனையை மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு, "பேரிங் போச்சு" என்பேன். (எது கெட்டாலும் பேரிங் போச்சு என்றுதான் சொல்வேன். சில சமயம் பலிக்கும்.)

அந்தச் சமயம் ஷார்ஜாவிலிருந்து திரும்பிய மாமா, பாத்திரம் கழுவும் மெஷின் ஒன்றை எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அம்மாவுக்கு மட்டும் அதன் மேல் நம்பிக்கை வரவில்லை. பாத்திரத்தைத் தானே தேய்த்துக் கழுவித் துடைத்து, அப்புறம் அதற்குள் அடுக்கி வைப்பார். அரபு நாட்டு மெஷின் எங்கள் வீட்டில் அலமாரி உத்தியோகம் பார்த்தது.

வேலப்பன்சாவடியிலிருந்து தங்கை சுமதியைப் பெண் பார்க்க வந்த அன்று, அதை ஓட்டியே தீருவேன் என்று அடம்பிடித்தேன். வருகிறவர்கள் அசந்துபோக வேண்டாமா? அவளுக்கு ஏற்கெனவே ஒன்றிரண்டு இடம் கைநழுவிப் போயிருந்தது. இந்த மாப்பிள்ளையின் அப்பாவோ சகுனம் பார்க்காமல் செருப்புகூடப் போடமாட்டார் என்று தரகர் எச்சரித்திருந்தார்.

"நீ வாய மூடிகினு இருந்தாலே பாதிக் கல்யாணம் முடிஞ்ச மாதிரிடா" என்றார் அம்மா.

கேசரி, பஜ்ஜி ஆனது. பஜ்ஜி பொரித்த சாமான்களை மெஷினில் திணித்து சுவிட்சைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் அப்பாவான பெரியவர் தொண்டையைக் கனைத்தார்.

"பொண்ணு எங்களுக்குப் புட்சிருக்குது. பேசி முடிச்சிக்கலாமா?"

சமையலறைப் பக்கம் சத்தம் கேட்டது. டிக், டிக், டிக்.

பெரியவர் முகம் மலர்ந்தது. நாற்காலியை விரலால் தட்டினார். "பாத்தீங்களா, பல்லி சொல்லுது! இதுக்கு மேல இன்னா வேணும்?"

அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் தொழில் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

"பல்லி இல்ல சார், மெஷின். பேரிங் போச்சு."

பெரியவர் விரலை மடக்கிக்கொண்டார். "அப்போ சகுனம் இல்லியா?"

சுமதி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சொன்னதை நிரூபித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எந்தப் புத்தி சொன்னதோ, சமையலறைக்கு ஓடினேன். மாப்பிள்ளை சேகரும் பின்னாலேயே வந்தார். ஓடிக்கொண்டிருந்த மெஷினின் கதவை அப்படியே இழுத்தேன்.

கடலைமாவும் எண்ணெயும் கலந்த சுடுதண்ணீர் தலையிலிருந்து கால்வரை என்னைக் குளிப்பாட்டியது. உள்ளே பஜ்ஜி சுட்ட ஜல்லிக்கரண்டியின் காம்பு நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே சுழன்று தண்ணீர் பீய்ச்சும் மெஷினின் கை ஒவ்வொரு சுற்றிலும் அதில்தான் இடித்திருக்கிறது. பேரிங்குக்கு ஒரு குறையும் இல்லை.

அம்மா வந்து பார்த்தார். "ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானைல வுழுமாம் துள்ளி!"

பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்பதையும் மறந்து சுமதி வாய்விட்டுச் சிரித்தாள். சேகரும் சேர்ந்து சிரித்தார். கூடத்தில் பெரியவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "யோசிச்சு சொல்றோம்."

சேகர் கரண்டியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். "பல்லி சொன்னா இன்னா, கரண்டி சொன்னா இன்னா நைனா? நீ கேட்டே, அது சொல்லிச்சில்ல?"

பெரியவர் கரண்டியைப் பார்த்தார். சுமதியைப் பார்த்தார். இன்னும் சிரித்துக்கொண்டிருந்த மகனையும் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, "தாம்பூலத் தட்டை எடும்மா, மாத்திக்கலாம்" என்றார்.

சீர்வரிசையில் அந்தக் கரண்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டார் சேகர். அவர்கள் மகளைத் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தியபோது, "ஆசாரி, மொதல்ல மச்சானுக்குக் குத்துங்க, அவருக்குத்தான் காது அடைச்சிகினு கீது" என்றார். பந்தலே சிரித்தது.

அந்த மகளுக்கு இப்போது தனிக்குடித்தனம். வீட்டில் எது டிக் டிக் என்றாலும் போன் செய்து, "மாமா, பல்லியா, பேரிங்கா?" என்று கேட்கிறாள்.

யோசிக்காமல் "பல்லிதாம்மா" என்று சொல்லிவிடுகிறேன்.