நாலாவது வண்டியாக இருக்க மாட்டேன் என்ற மகளுக்கு

எருமப்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் அறிவும் அளவுக்கு மீறிய கோபமும் நிறைந்த என் மகள் மைதிலிக்கு, அப்பா சென்னியப்பன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மா கோகிலவாணியும் மூன்று லாரிகளும் நலமாக இருக்கிறோம். இங்கிலாந்தில் உன் நலத்தை உன் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையில் நான் வைக்கப்பட்டிருக்கிறேன். திருக்கார்த்திகைக்கு மறுநாளிலிருந்து நீ என்னோடு போனில் பேசுவதில்லை. "அப்பாவுக்கு ஏதாச்சும் சொல்லோணும்னா எழுதி அனுப்பச் சொல்லுங்கம்மா, எழுதுனா அவருக்குப் பாதி பயம் குறைஞ்சு போயிரும்" என்று சொன்னாயாம். அதன்படி எழுதுகிறேன். அஸ்தம்பட்டி குமரகுருவின் மகள் வித்யா பொங்கல் கழித்து உன் கல்லூரியில் சேர வருகிறாள் அல்லவா, அவளிடம் இதைக் கொடுத்தனுப்புவதாக உத்தேசம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். உன்னை நான் கண்காணிக்கவில்லை. கண்காணித்தேன், இப்போது இல்லை. அதுகூட உன் அம்மாவால் வந்த வினை. உன்னோடு படிக்கும் நெல்லூர்ப் பையன் வேலை முடிந்து திரும்பும்போது சைக்கிளில் வந்த இரண்டு பேர் மறித்து, போனைப் பிடுங்கிக்கொண்டு, கையில் கத்தியால் கிழித்துவிட்டுப் போன விஷயத்தை நீ அவளிடம் மட்டும் சொல்லி, அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாய். அவளும் வாய் திறக்கவில்லை. ஆனால் டிவியில் இங்கிலாந்து கிரிக்கெட் மேட்ச் வந்தால்கூட எழுந்து போய் அணைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எந்தப் புருஷனுக்கும் சந்தேகம் வரும். விசாரித்தேன், கொட்டிவிட்டாள். உடனே கிளம்பி ஊருக்கு வா என்றேன். படிப்பை முடிக்காமல் வர மாட்டேன் என்றாய். சரி, பிள்ளைதான் வரவில்லை, பாதுகாப்பாவது இங்கிருந்து போகட்டும் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் பார்சல் கட்டி அனுப்பினேன். எனக்குத் தெரிந்தது லாரிக்காரன் பாதுகாப்புதான், வேறென்ன தெரியும்.

நாக்பூரைத் தாண்டி லோடு போகிற நம் ஊர் டிரைவர்கள் எல்லோரும் இரண்டு பர்ஸ் வைத்திருப்பார்கள். நிஜ பர்ஸ் சீட்டுக்கு அடியில். சட்டைப் பையில் இருப்பது டம்மி, அதில் நாலு கிழிந்த நோட்டு, செத்துப்போன ஒரு ஏடிஎம் கார்டு. வழிப்பறிக்காரன் வந்தால் அதைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கொடுத்துவிடுவார்கள், அவனும் போய்விடுவான், இவர்களும் உயிரோடு ஊர் வந்து சேர்வார்கள். அப்படி ஒன்றைத்தான் உனக்குத் தயார் செய்தேன். உன் அம்மா குறுக்கே வந்து, "வெறும் பர்ஸப் பாத்துப்போட்டு திருடனுக்குக் கோவம் வந்துச்சுன்னா புள்ளையக் குத்திப்போட மாட்டானுங்களா" என்று கேட்டு, நிஜமான பணத்தை உள்ளே வைத்துவிட்டாள். செத்த கார்டுக்கு நான் எங்கே போவேன், லாரி உரிமையாளர் சங்கத்தில் கொடுத்த என் பழைய அடையாள அட்டையை வைத்தேன். நீ அவசரத்தில் எது டம்மி எது நிஜம் என்று தெரியாமல் அதைப் போய் பஸ் டிரைவரிடம் நீட்ட, அவர் போட்டோவில் என் மீசையையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏறிக்கொள் என்றாராம். நல்ல மனுஷன்.

அடுத்தது ஹாரன். ரப்பர் பந்து வைத்த பழைய ஹாரன், பேட்டரி வேண்டாம், சார்ஜ் வேண்டாம். கொல்லிமலை வளைவில் எதிரே வண்டி வருகிறதோ இல்லையோ ஹாரன் அடித்துவிட்டுத்தான் திரும்புவோம். அந்த வழக்கத்தில், இருட்டில் தெருமுனை திரும்பும் முன் ஒருதரம் அமுக்கு என்று நான்தான் சொன்னேன். அங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும் என்பதும், தெருமுனைக்கு அந்தப்பக்கம் ஒரு பெரியவர் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்பதும், அந்த நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் என்பதும் எருமப்பட்டியில் உட்கார்ந்திருக்கிற எனக்கு எப்படித் தெரியும் சாமி. நாய் கிடைத்துவிட்டது என்று அம்மா சொன்னாள். எனக்கும் அப்புறம்தான் சோறு இறங்கியது.

இனி நம் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். லாரிக்கு ஜிபிஎஸ் மாட்டிக்கொடுத்த சந்தோஷ்குமாரிடம் சொல்லி, உன் சம்மதத்தோடுதான், உன் போனையும் அந்த ஆப்பில் நாலாவது வண்டியாகச் சேர்த்தேன். என்ன லோடு என்று ஆப் கேட்டது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உடையாமல் போய்ச் சேர வேண்டியது என்பதால் முட்டை என்று போட்டேன். நாமகிரிப்பேட்டையில் பங்காளி ஊட்டுக் காதுகுத்து அன்றைக்கு, மத்தியானத்துக்கு மேல் குழந்தையை மாமன் மடியில் உட்கார வைத்து ஆசாரி ஊசியை எடுத்த நேரத்தில் என் போன் பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி, "முட்டை வண்டி நீண்ட நேரமாக ஒரே இடத்தில் நிற்கிறது" என்று கத்திவிட்டது. வந்த ஒறம்பரைச் சனமெல்லாம், "ஏனுங்க, வெயிலுக்கு முட்டை கெட்டுப்போயிருமுங்க, டிரைவருக்கு ஒரு போனப் போடுங்க" என்று ஆளாளுக்குச் சொல்ல, நானும் போட்டேன். நீ லைப்ரரியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறாய். உன்னை வெளியே அனுப்பினார்கள் என்று கேள்விப்பட்டு வருந்தினேன். படிக்கிற பிள்ளை ஓரிடத்தில் உட்காரும் என்பது அந்த ஆப்புக்குத் தெரியவில்லை, அது லாரியைத்தான் பார்த்திருக்கிறது.

அப்பறம் அந்தக் கார்த்திகை அன்னிக்கு நடந்தது. கல்லூரியிலிருந்து உன் ஊட்டுக்கு நேர் ரோடு. அன்னிக்கு ஆப்பு மேப்புல உன் புள்ளி ரோட்ட விட்டு வாய்க்கா ஓரமாத் திரும்புச்சு, ஒரு தெருவுல நின்னுச்சு, வந்த வழியே திரும்புச்சு, இன்னொரு தெருவுக்குள்ள போயி நின்னுச்சு. லாரி அப்படிப் போனா ரெண்டே அர்த்தம்தான், ஒண்ணு டிரைவர் டீசல் விக்கிறான், இல்லீன்னா வண்டியக் கடத்திப்போட்டாங்க. நீ டீசல் விக்க மாட்டே. உன் ஊட்டுக்கார அம்மாவுக்குப் போன் போட்டு, எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல அழுதுகிட்டே சொன்னேன். அந்தம்மா பாவம் போலீசக் கூப்பிட்டுருச்சு. போலீஸ்காரங்க விளக்கப் போட்டுக்கிட்டு வந்து, காணாமப் போன பொண்ணத் தேடறோம்னு உன்கிட்டயே உன் போட்டோவக் காட்டினாங்களாமா. உன்கூட வந்த புள்ளைகள்ல ஒண்ணு பயந்துபோயி ரோட்டுலயே உக்காந்துருச்சாமா. அன்னிக்குத்தான் நீ என்கிட்டக் கடைசியாப் பேசுனது. "நெல்லூர்ப் பையனுக்கு அப்படி ஆனதுக்கப்பறம் நாங்க யாரும் தனியா நடக்கறதில்லீங்கப்பா. எல்லாரும் சேந்து கெளம்பறோம், நான் ஒவ்வொருத்தரையா ஊட்டுல உட்டுப்போட்டு வாரேன். நான் லாரி இல்லீங்கப்பா." அதோட போனையும் வச்சுட்டே, ஆப்புலயும் நிறுத்திப்போட்டே.

நாலாவது வண்டி கடைசியா நின்ன எடம் உன் ஊட்டு வாசல். அதுக்கப்பறம் புள்ளி நகரலை, ராத்திரியும் பகலும் அங்கயேதான் நிக்குது. அது பழைய புள்ளின்னு எனக்குத் தெரியும். ஆனாலும் காத்தால எந்திரிச்சதும் அதப் பாத்தா, புள்ளை ஊடு வந்து சேந்துருச்சுன்னு ஒரு நிம்மதி. உங்கம்மா திட்டறா. உன் குரலு கேக்காம இந்த ஊடு லோடு எறக்குன லாரியாட்டம் கடகடன்னு கெடக்குது சாமி, உள்ள ஒண்ணுமில்ல.

ஒண்ணு மட்டும் சொல்லோணும், கோவிச்சுக்காதே. வண்டி போன வழியத் திரும்ப ஓட்டிப் பாக்கற வசதி அந்த ஆப்புல இருக்குது. அன்னிக்கு நீ போன வழிய ஓட்டிப் பாத்தேன். என்ன வேகத்துல போச்சுன்னும் காட்டும். எல்லாத் தெருவுலயும் மெதுவா, பேசிக்கிட்டுப் போற வேகம்தான். கடைசிப் புள்ளைய உட்டுப்போட்டு உன் ஊட்டுக்குத் திரும்பற அந்த ஒரு தெருவுல மட்டும் வேகம் ஏறுது. நீ அங்க ஓடியிருக்கறே. எல்லாரையும் நீ கொண்டுபோயி உடறே, உன்னை உடறதுக்கு யாருமில்ல. இத உங்கம்மாகிட்ட நான் சொல்லலை, சொல்லவும் மாட்டேன்.

ஆகவே மகளே, நான் எடுத்திருக்கும் முடிவு என்னவென்றால், இனிமேல் உன் விஷயத்தில் தலையிடுவதில்லை. நாலாவது வண்டியை இன்றே ஆப்பிலிருந்து எடுத்துவிடுகிறேன். போன் செய்து தொந்தரவு தர மாட்டேன். நீயாக அழைக்கிறபோது பேசினால் போதும். அந்தப் பிள்ளைகளை வீட்டில் விடுவதை நிறுத்து என்றும் சொல்ல மாட்டேன், அது நல்ல காரியம். இங்கிலாந்துக்கு வர வேண்டும் என்ற எண்ணமும் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை, விமானத்தில் ஹாரன் இல்லை என்பதால் அதில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. தைரியமாகப் படி. நாமக்கல் ஆஞ்சநேயர் உனக்கு முன்னாலும் பின்னாலும் நிற்பார். உன் கூட்டத்துப் பிள்ளைகள், வீட்டுக்கார அம்மா, பஸ் டிரைவர், அந்த நாய் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லவும்.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
சென்னியப்பன்.

பி.கு.: இத வித்யா கொண்டாந்து குடுக்கப் போறதில்ல, நானே கொண்டாரேன். குமரகுருவுக்கு முட்டியில ஆபரேஷன், புள்ளையத் தனியா அனுப்ப பயமா இருக்குது, நீங்க கூடப் போயிட்டு வாங்கன்னு கேட்டாரு. விசா எப்படி வந்துச்சுன்னு கேக்காதே, தீபாவளிக்கு முன்னாலயே உங்கம்மாவுக்கும் தெரியாம போட்டு வச்சிருந்தேன், ஒரு காரணமும் இல்ல, உன்னைப் பாக்கோணும்னு இருந்துச்சு. ரெண்டு வாரம்தான் இருப்பேன். அதுக்கப்பறம் அந்தத் தெருவுக்கு யாருன்னு எனக்குத் தெரியலை, நெனைச்சா தூக்கம் வர மாட்டீங்குது. ஆனா அந்த ரெண்டு வாரமும் கடைசிப் புள்ளைய உட்டுப்போட்டு நீ திரும்பறப்ப நான் கூட வாரேன். என்கூடப் பேச வேண்டாம், கோவமாவே இரு, மெதுவா நட.