மச்சான் கிரவுனும் சம்பந்தி கிரவுனும்

இதில் ஒரு சொல் பொய் கிடையாது. நாமக்கல் ஆஞ்சநேயர் சந்நிதியில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யத் தயார். சூடம் வாங்கித் தருவது மட்டும் கேட்பவர் பொறுப்பு.

கொல்லிமலைப் பாதையில், நான்காவது கொண்டை ஊசி வளைவில், மருதாசலத்தின் பத்துச் சக்கர டிப்பர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. பெரிய டயர் மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. மாட்டிய நாளிலிருந்து அவர் யானைமேல் போவதுபோலத்தான் போனார். சீட்டில் உட்கார்ந்தால் சேந்தமங்கலத்து மொட்டை மாடிகளெல்லாம் தெரிகின்றன, யார் வீட்டில் என்ன வடகம் காய்கிறது என்று சொல்ல முடிகிறது என்று ஊரெல்லாம் பெருமையடித்தார். டயர்தான் பெரிதாகிவிட்டதே என்று ஜல்லியையும் ஒரு முழம் கூடுதலாகக் குவித்திருந்தார்.

மெக்கானிக் கஸ்பாருக்குப் போன் போட்டார்.

"கஸ்பாரு, வண்டி இழுக்க மாட்டேங்குது."

"எப்படிங்ணா இழுக்கும்? டயர் பெருசானா இன்ஜினுக்கு நோவுதானுங்க. கிரவுனை மாத்தோணும்."

கிரவுன் என்பது பின் அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரம். பல் கூடினால் இழுவை, குறைந்தால் வேகம். இவ்வளவு தெரிந்தால் போதும். மருதாசலத்துக்கு இதுகூடத் தெரியாது. ஆனால் அவருக்கு மச்சான் இருந்தார்.

மச்சான் குணசீலன், திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர். மருதாசலத்தின் மகள் கிருத்திகாவுக்குத் தாய்மாமன். ஆவணியில் கல்யாணம், மாமன் சீர் அவர் கையால் நடக்க வேண்டும்.

"பல்லு அதிகமா இருக்கறதாப் போடுங்க மாப்ள. என்ற ரிக்கு அதுல பாறைமேலயே ஏறும்."

போட்டார்கள். வண்டி மலைமேல் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறியது. இறங்கிச் சமதளத்துக்கு வந்தபோதுதான் சங்கதி தெரிந்தது. இன்ஜின் வானத்துக்குக் கத்தியது. வண்டி எறும்புபோல ஊர்ந்தது. சேந்தமங்கலத்தில் ஒரு கோழி பறந்து வண்டிமேல் உட்கார்ந்தது. நாமக்கல் வந்து சேர்வதற்குள் அது முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சுகளோடு இறங்கிப் போனது.

இதைச் சம்பந்தி தீனதயாளன் பார்த்துவிட்டார். அவருடைய கன்டெய்னர் லாரிகள் மும்பைக்கு ஓடுகின்றன.

"என்னங்க சம்பந்தி இது? பொண்ணு ஊட்டு வண்டியை நடந்து போறவன் முந்திப் போறான். என்னால வெளிய தலை காட்ட முடியலீங்க. பல்லு கம்மியா இருக்கறதாப் போடுங்க."

மாப்பிள்ளையின் அப்பா சொல்லித் தட்ட முடியுமா? மாற்றினார்கள். மறுநாள் லாரி போன வேகத்தில் அதன் நிழலே பின்தங்கிவிட்டது. மோகனூரில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் வந்து சேர்ந்துகொண்டது. ஆனால் மலைக்குத் திருப்பியபோது, அடிவாரத்து வேகத்தடையையே தாண்டவில்லை.

அன்று சாயங்காலமே குணசீலன் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"என்ற கிரவுனைக் கழட்டிப் போட்டீங்களாமா? மாமன் பேச்சுக்கு மருவாதி இல்லாத ஊட்டுல மாமன் சீர் எதுக்குங்க மாப்ள? கல்யாணத்துக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க."

மருதாசலம் தலையில் கை வைத்துக்கொண்டார். திரும்பவும் மாற்றினால் சம்பந்தி கோபித்துக்கொள்வார். மாற்றாவிட்டால் மச்சான் வரமாட்டார். உள்ளே கிருத்திகா தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள், சாப்பிடவில்லை.

மனைவி சௌந்திரம்தான் வழி சொன்னாள்.

"ஏனுங்க, வண்டிக்குப் பின்னால ரெண்டு அச்சு சுத்துதல்லங்க?"

"ஆமா, அதுக்கென்ன?"

"ஆளுக்கு ஒண்ணு போட்டு உட்டுருங்க. எங்கண்ணன்து முன்னால, சம்பந்தியோடது பின்னால."

கஸ்பார் தயங்கினார். "ஒரே வண்டில ரெண்டு கிரவுனுங்களா?"

"ஒருத்தர் மனசும் நோகக்கூடாது கஸ்பாரு. பொண்ணு கல்யாணம்."

கஸ்பார் இரண்டையும் மாட்டி, மூடி, போல்ட்டை முறுக்கி, கடைசியில் அச்சுக்கு முன்னால் நின்று சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

சோதனை ஓட்டத்துக்கு இருவரும் வந்துவிட்டார்கள். மச்சான் ஓட்டுநருக்குப் பக்கத்தில், சம்பந்தி ஜன்னலோரத்தில். முதல் வளைவு வந்தது. மருதாசலம் ஆக்சிலேட்டரை மிதித்தார். முன் அச்சு மலை ஏறக் கிளம்பியது. பின் அச்சு மும்பைக்குக் கிளம்பியது. நடுவில் 'டமார்' என்று ஒரு சத்தம். லாரி சாலைக்குக் குறுக்கே படுத்துக்கொண்டது. மேலே பலாப்பழ ஜீப்பும் கீழே டவுன் பஸ்ஸும் ஹாரன் அடித்தன. மூவரும் கீழே இறங்கினார்கள்.

"உங்க கிரவுன்தான் உடைஞ்சுதுங்க!" என்றார் தீனதயாளன்.

"அட, உங்களுது மொதல்ல பல்லக் காட்டுச்சுங்க!" என்றார் குணசீலன்.

"இந்த மாதிரி ஆளு மாமன் சீர் செய்யற கல்யாணம் எங்களுக்கு வேண்டாமுங்க!"

"வேண்டாட்டிப் போங்க!"

மருதாசலத்துக்கு மகள் முகம் கண்முன் வந்தது. நடுரோடு என்றும் பார்க்காமல் இருவர் கையையும் பிடித்துக்கொண்டார்.

"குத்தம் உங்க ரெண்டு பேரு கிரவுன் மேலயும் இல்லீங்க. பாழாப்போன டயரு மேலதான்! இத்தாச்சோடு பெரிய டயருக்கு எந்தக் கிரவுன் ஒத்துவருமுங்க? எல்லாம் என்ற பேராசை."

தீனதயாளன் குனிந்து டயரைப் பார்த்தார். குணசீலன் அதை ஒரு உதை உதைத்தார்.

"நெசந்தானுங்க. ராட்சசன் மாதிரி இருக்குது."

"அதானே! நம்ம கிரவுன் என்ன பண்ணுமுங்க பாவம்?"

"வாங்க மச்சான், ஒரு டீ சாப்பிடலாம்," என்று தீனதயாளன் குணசீலன் தோளில் கைபோட்டார். மருதாசலத்துக்குக் கண் கலங்கியது.

அப்போது பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து டயர்க்கடை ஜெர்ரி வியர்த்து விறுவிறுக்க ஓடி வந்தார்.

"மருதாசலண்ணா! ஊட்டுல கேட்டேன், மலைக்குப் போயிருக்கறீங்கன்னாங்க. நீங்க கேட்ட பெரிய டயரு இன்னைக்குத்தானுங்க லோடு வந்துச்சு. நல்ல நேரம் போகுதுன்னு அன்னைக்கு நீங்க பறந்தீங்கன்னு நான் மாட்டி உட்டது உங்க பழைய சைஸுதானுங்க!"