ஒன்பது ரூபாய் லாந்தர்

1958-ஆம் ஆண்டு நவம்பர் எட்டாம் தேதி, சனிக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிஷம். மூன்று நாள் அடைமழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. செங்கல்பட்டுக் கடைத்தெருவில் கணுக்காலளவு தண்ணீர். லாந்தர் பாயின் கடைக்கு முடிவு வந்தது அப்போதுதான். நான் பார்த்த வியாபாரிகளிலேயே, வாங்க வந்தவனைவிடச் சும்மா நிற்க வந்தவனுக்கு அதிக மரியாதை கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

வெளிநாட்டுச் சரக்கு வரத்து நின்றுபோன சமயம் அது. அந்நியச் செலாவணி இல்லை என்று பேப்பரில் போட்டார்கள்; எங்களிடம் உள்நாட்டுச் செலாவணியும் இல்லை. நான் கணக்கெழுதிய லாரி ஆபீசில் பதினோரு பேரில் நாலு பேரை நிறுத்தினார்கள். நாலாவது ஆள் நான். அரிசி விலை மட்டும் யாரையும் கேட்காமல் ஏறிக்கொண்டிருந்தது.

பாயின் கடையில் ஒரு காலத்தில் நாற்பது லாந்தர்கள் தொங்கும். அப்போது ஒன்றே ஒன்றுதான், ஜெர்மன் சரக்கு. மீதி அலமாரி முழுவதும் காலி அட்டைப் பெட்டிகள். ஈ கூட வராத அந்தக் கடைக்குப் பாய் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்.

"ஆளு நின்னாத்தான் சார் ஆளு வரும். நீ வூட்ல சும்மாத்தானே குந்திகினு கீற? இங்க வந்து நில்லு. டீ என்னுது."

வேலை போனவர்களுக்கா பஞ்சம்? நானும், சவாரியில்லாத ஜட்கா வண்டிக்காரர் முனுசாமியும் தினமும் நின்றோம். புது ஆள் யாராவது கடைப்பக்கம் வந்தால் பாய் லாந்தரை எடுத்துக் கண்ணாடியைத் துடைப்பார். அதுதான் சைகை. உடனே நான் லாந்தருக்குப் பேரம் பேச வேண்டும். பாய் ஒன்பது ரூபாயில் ஆரம்பிப்பார். நான் ஆறரையில் நிற்பேன். முனுசாமி நடுவில் புகுந்து, "நீ வுட்டா நான் எடுத்துக்கறேன்" என்பார். நூற்றுப் பன்னிரண்டு முறை அந்த லாந்தருக்குப் பேரம் பேசியிருக்கிறேன். எங்கள் சத்தம் கேட்டு வந்த நிஜ வாடிக்கையாளர்கள் ஐந்து பேர். அதில் இருவர் வழி கேட்க வந்தவர்கள்.

கடைசியில் வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கட்டடத்துக்காரருக்கு மனுப் போட்டார் பாய். பதினாலு வரி, எழுதியவன் நான். இருபது ரூபாயைப் பன்னிரண்டாக்க வேண்டும், இல்லாவிட்டால் கடையைக் காலி செய்வதைத் தவிர வேறு வழியில்லை. சனிக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாக அவர் சொல்லியனுப்பினார்.

"அன்னிக்கு ஒரு பயலும் இந்தப் பக்கம் தலகாட்டக் கூடாது. கடை வெறிச்சினு கெடக்கணும்," என்று பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நாங்கள் எதிர்ச்சாரியில் ஜட்காவுக்குள் உட்கார்ந்து பார்த்தோம். கட்டடத்துக்காரர் குடையோடு தண்ணீரில் இறங்கி வந்தார். பாய் அவரைப் பார்த்தார். காலிக் கடையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு லாந்தரை எடுத்தார்.

"சார், பாய் கண்ணாடிய தொடைக்கிறாரு!" என்றார் முனுசாமி.

"இன்னிக்கு வேணாம்னாரே?"

"தொடைக்கிறாரேய்யா! நல்லா பாரு!"

மூன்று முறை துடைத்தார். எண்ணினேன். போகாமல் இருந்திருக்கலாம். பழக்கம், கால் தானாக இறங்கிவிட்டது.

"இன்னா பாய், ஒம்போது ரூபாயா? பகல் கொள்ளையா கீதே!"

"ஜெர்மன் சரக்கு சார். வாணாம்னா வுடு, பின்னாடி ஆளு கீது."

"அவரு வுட்டா நான் எடுத்துக்கறேன்!" என்று முனுசாமி உள்ளே பாய்ந்தார்.

அவ்வளவு நன்றாக நாங்கள் அதுவரை செய்ததே இல்லை. ஆறு நிமிஷம் நின்று கேட்ட கட்டடத்துக்காரர் குடையை மடக்கினார்.

"கொட்ற மழையில ஒரு லாந்தருக்கு ரெண்டு பேரு அடிச்சிக்கிறானுங்க. உனக்கு வாடகைய கொறைக்கணுமா பாய்? அடுத்த மாசத்திலேருந்து இருபத்தஞ்சு."

அவர் போனதும் பாய் லாந்தரைத் திரும்ப மாட்டினார். "ஏன் பாய் தொடச்சீங்க?" என்று நான்தான் கேட்டேன்.

"காலிக் கடையில ஒர்த்தன் உள்ள வந்து பாக்கறது, மௌத்தான வூட்டுக்கு துக்கம் கேக்க வர்ற மாதிரி கீது சார். தாங்கல."

அந்த மாதக் கடைசியில் கடையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்.

மாசியில் எனக்குப் பழைய சம்பளத்தில் பாதிக்கு ஒரு வேலை கிடைத்தது. பாய் மாமல்லபுரத்தில் இருப்பதாக முனுசாமி சொன்னார். போனேன். பஸ் நிற்கும் இடத்தருகே ஒரு கீற்றுக் கொட்டகை. ஒன்பது சங்கு, இரண்டு சோழி மாலை, அந்த லாந்தர். வேறு ஒரு மனிதர் இல்லை. பாய் பாதியாக இளைத்திருந்தார்.

"சரியான நேரத்துக்கு வந்த சார்! பஸ்ஸு வருது, நில்லு, நில்லு!" என்று லாந்தரை எடுத்துத் துடைத்தார்.

"எவ்ளோ பாய்?"

"ஒம்போது!"

பணத்தை எடுத்து அவர் கையில் வைத்தேன். பாய் பதறிப்போனார்.

"இன்னா சார் இது? பேரம் பேசு சார், பஸ்ஸு நின்னுகினு கீது! ஜனம் பாக்குது!"

நூற்றுப் பதின்மூன்றாவது முறை என்னால் பேரம் பேச முடியவில்லை.

லாந்தர் ஒன்பது ரூபாய். பஸ் போக வர ஒரு ரூபாய் அறுபது நயா பைசா. டீ பாயுடையது. ஆக மொத்தம் பத்து ரூபாய் அறுபது.