அத்தையின் கம்ப்யூட்டரை நான் புதுசாக்கிய கதை

வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்று காதில் விழுந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. நல்லேப்பிள்ளியில் எங்கள் வீட்டில் வளர்த்த விதம் அப்படி. கரண்டு மீட்டர் பார்க்க வருபவருக்காகக்கூட வாசலைக் கழுவிவிடுவோம். (அவர் செருப்பைக்கூடக் கழற்ற மாட்டார். அது வேறு விஷயம்.)

இந்தப் புத்தியோடுதான் கல்யாணமாகி சூரியநெல்லிக்கு வந்தேன். என் மாமியார் செல்வக்கனி, தேயிலை எஸ்டேட் ஆபீசில் வந்து இறங்கிய முதல் கம்ப்யூட்டரை இயக்கியவர். பெண்கள் பறித்து வரும் கொழுந்தின் எடையை நாள் தவறாமல் அதில் ஏற்றுவது அவர் வேலை. ஆபீசில் அதைக் கழித்துக் கட்டியபோது, ஜீப்பில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். எங்கள் வீட்டு மூலையில் அது மஞ்சள் பாரித்து உட்கார்ந்திருந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் நெற்றியில் ஏடு ஏடாகக் கெட்டிப்பட்டிருந்தன. கீபோர்டில் எண்கள் தேய்ந்து போய், என்டர் கட்டை நடுவில் குழிந்தே போயிருந்தது.

ஒரு நாள் ஒரு கல்லூரியிலிருந்து அத்தைக்கு போன் வந்தது. மலைப்பக்கத்து ஆபீசுகளில் முதன்முதலாக ஓடிய கம்ப்யூட்டர்களை வைத்துக் கண்காட்சி நடத்துகிறார்களாம். அத்தையின் பெயரை எழுதி, அவருடையதையும் வைப்பார்களாம். அத்தை பொதுவாக எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். ஆனால் அந்த வாரம் கேஸ் கொண்டுவந்தவர் வரைக்கும் செய்தி போய்விட்டது.

"எம்பேரப் போட்டு வைப்பாகளாம்" என்று சொல்லிவிட்டு, உடனே அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

நடுவில் தேனியில் ஒரு வளைகாப்புக்குப் போய் அவர் ஒரு வாரம் தங்க வேண்டியிருந்தது. கிளம்பும்போது, "அதுமேல ஒரு துணிய மட்டும் போட்டு வையிம்மா" என்றார்.

பெண் பார்க்க வரும்போது பெண்ணை முகம் கழுவாமல் உட்கார வைப்போமா? நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

"அம்மா துணி போடத்தான சொன்னாக?" என்றார் என் கணவர்.

"ஏனுங்க, இது ஓடவே மாட்டேங்குது. ஓடாத கம்ப்யூட்டர வெச்சா அத்த பேருதானுங்க கெடும்" என்றேன். (சாஃப்ட்வேரில் வேலை பார்ப்பவளிடம் வாதாட அவருக்குத் தெம்பில்லை.)

வெளி மூடியைக் கழற்றிச் சந்தனத்தைச் சுரண்டினேன். மெடிக்கல் ஷாப்பில் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கித் தடவி, மூடுபனி விலகும் நேரமாகப் பார்த்து வெயிலில் வைத்து எடுத்தேன். மஞ்சள் போய்ப் பளீரென்று ஆனது. ஃபிளாப்பி டிரைவைப் பிடுங்கி, பென் டிரைவ் செருகும் கருவியைப் பொருத்தினேன். கோயம்புத்தூரிலிருந்து புதுக் கட்டைகளை கூரியரில் வரவழைத்து கீபோர்டில் மாட்டினேன். பழையவை ஏலச் செடிக்குப் பக்கத்துக் குப்பைக் குழிக்குப் போயின. கம்ப்யூட்டர் உயிர் பெற்றுக் 'கீச்' என்றது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அத்தை ஊரிலிருந்து வந்தார். பையைக்கூட இறக்கி வைக்காமல் அதைப் பார்த்தார்.

"இது யாரு வீட்டுது?"

"நம்முளுதுதானுங்க அத்த. இப்ப ஓடுதுங்க."

அவர் என்டர் கட்டையில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். "அந்தச் சந்தனத்தப் பாக்கத்தான வாராக" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் அத்தை குளிக்கப் போன நேரத்தில் அடுத்த முட்டாள்தனத்தைச் செய்தேன். சந்தனத்தைக் குழைத்து அப்பி, மேலே குங்குமம் வைத்து, மஞ்சள் நிறத்துக்காகத் தேயிலைச் சாயத்தையும் பூசி, தலைமுடி உலர்த்தும் மெஷினால் ஊதினேன். வரலாற்றை இப்படி உலர்த்திக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் வந்து நின்றது.

கம்ப்யூட்டரை எடுத்துப்போகக் கல்லூரியிலிருந்து வந்தவர் இளம் விரிவுரையாளர், மலையாளி. கம்ப்யூட்டரைக் குனிந்து பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"சேச்சி, சந்தனம் இன்னும் காயலையல்லோ" என்றார்.

நான் தரையைப் பார்த்தபடி, "இப்ப நல்லா ஓடுதுங்க சார்" என்றேன்.

"ஓடுறது எங்க லேப்பிலே நிறைய இருக்கு. இதை யார் ஓட்டினாங்கன்னு காட்டத்தான் எடுக்க வந்தேன். இதிலே அவங்க இல்லையே."

(ஓடாத பெட்டிக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி எனக்கு இன்றைக்கும் உண்டு. அன்றைக்கு அதைக் கேட்க வாய் வரவில்லை.) அத்தை கதவோரம் நின்றிருந்தார். பேர் போட வந்தவர் வெறுங்கையோடு கிளம்பப் போகிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"பழைய கட்டைய என்ன பண்ணுன?" என்றார் அத்தை.

சொன்னேன். மண்வெட்டியோடு முதலில் இறங்கியவர் அவர்தான். பின்னால் நானும் என் கணவரும். வெள்ளைச் சட்டையோடு விரிவுரையாளரும். முருங்கைக்காய்ச் சக்கைக்கும் முட்டை ஓட்டுக்கும் நடுவே ஒவ்வொன்றாகக் கட்டைகள் கிடைத்தன. கடைசியில் அகப்பட்டது என்டர். அத்தை அதைச் சேலைத் தலைப்பில் துடைத்து, குழியில் விரலை வைத்தார். விரல் சரியாக உட்கார்ந்தது.

"இது போதும்" என்றார் விரிவுரையாளர்.

கண்காட்சியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தத் தேய்ந்த கட்டைகள் மட்டும் இருந்தன. கீழே அத்தையின் பெயர். கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டவர்களிடமெல்லாம் அத்தை என்னைக் கை காட்டினார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் எதையும் கழுவ எனக்குச் சுதந்திரமில்லை. தலையணை உறையைத் தொட்டால் என் கணவர், "அப்படியே கெடக்கட்டும், காலேஜ்ல இருந்து ஆள் வருவாக" என்கிறார். போன மாதம் நரைக்கு முதல்முறையாகச் சாயம் அடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அத்தை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"போச்சுடா, இதுக்கும் மதிப்பு போச்சு."