காணி காட்டப் போட்ட கோட்டு

காணித் தரகர் என்ன உடுத்துக்கொண்டு வேலைக்குப் போகவேண்டும் என்ற பேச்சு வந்தால், எங்கள் வீட்டில் என்னைப் பதில் சொல்ல விடமாட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன்பே சித்தப்பா சிரிக்கத் தொடங்கிவிடுவார். அதற்குக் காரணம் ஒரே ஒரு நாள். அன்று நடந்தவை ஒழுங்குப்படி இவை:

1. காலையில் ஒரு பழைய கோட்டும் தொப்பியும் வாங்கினேன்.
2. பின்னேரம் அவற்றைப் போட்டுக்கொண்டு துணுக்காய்ப் பக்கம் ஒரு காணியைக் காட்டப் போனேன்.
3. வழியில் கண்டவர்கள் எல்லாரும் எனக்கு மரியாதை செய்தார்கள்.
4. ஒரு நாய் என்னோடு கூட நடந்து வந்தது.
5. கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த ஒருவர் கயிற்றை விட்டுவிட்டார்.
6. காணி விலைப்படவில்லை. (கூடிவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.)

பட்டியலாகப் பார்த்தால் இதில் பயப்பட ஒன்றுமில்லை. பட்டியல்களை நம்பி வாழ்ந்த எனக்கு அதுதான் முதல் பாடம்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கொழும்பில் இரண்டு வருடம் படவரைதல் படித்து, ஒரு சான்றிதழோடும் ஒரு பெட்டி வரைபேனாக்களோடும் கிளிநொச்சிக்குத் திரும்பியிருந்தேன். சித்தப்பா காணித் தரகர். காணியைக் காலால் அளந்து கொப்பியில் குறித்துக்கொண்டு வருவார். நான் மேசையில் இருந்தபடி அதை அழகான வரைபடமாகக் கீறிக் கொடுப்பேன். (கீறிய காணிகளில் ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. அது ஒரு குறையென்று அப்போது எனக்குத் தோன்றவும் இல்லை.)

சித்தப்பா வேலைக்குப் போகும் கோலம் கல்யாணத்துக்குப் போகும் கோலந்தான். வெள்ளை வேட்டி, வெள்ளை நாஷனல் சட்டை, சால்வை, நெற்றி நிறைய விபூதி, கறுப்புக் குடை. திரும்பி வரும்போது வேட்டியின் கீழ்ப்பாதி முள்ளில் கிழிந்து, மேல்பாதி சேற்றில் தோய்ந்து இருக்கும். இதைப் பொறுக்காமல் நான் ஒரு தாளில் எழுதி அவரிடம் நீட்டினேன். காணி காட்டுபவர் அணியவேண்டியவை: பாதத்தை மூடும் சப்பாத்து, புழுதி தெரியாத காக்கி நிறத்தில் துணி, வெயிலுக்குத் தொப்பி, அளவு நாடா, பென்சில், கொப்பி, வரைபடம் என நான்கு பொருளுக்கு நான்கு பை.

சித்தப்பா இரண்டு தரம் வாசித்தார்.

"பிள்ளை, காட்டுக்குள்ளாலை வாற ஆள் ஆரெண்டு அரைக் கட்டை தூரத்துக்கு முன்னமே சனத்துக்குத் தெரியவேணும். வெள்ளையைக் கண்டால் தரகன் வாறான் எண்டு தெரியும். உன்ரை காக்கியைக் கண்டால் ஆரெண்டு நினைக்கிறது?"

"ஆரெண்டு நினைச்சால் என்ன சித்தப்பா? சனம் காணியைத்தானே பாக்கப்போகுது."

"ஓம், ஓம். படிச்ச பிள்ளை."

அடுத்த கிழமை அவருக்குக் காய்ச்சல் வந்தது. துணுக்காய்க் காணியைப் பார்க்க வவுனியாவிலிருந்து ஓர் இளைப்பாறிய ஸ்டேஷன் மாஸ்டர் வருவதாக ஏற்கெனவே ஒழுங்காகியிருந்தது. நான் போகிறேன் என்றேன். சித்தப்பா போர்வைக்குள் இருந்து யோசித்தார்.

"சரி, போ. இதை வித்துப்போட்டு வந்தியெண்டால் இனி என்னோடை சரிபாதியாய்த் தொழிலிலை நில். விக்கேல்லையெண்டால் உடுப்புக் கதையை விட்டுட்டுப் பேசாமல் இருந்து கீறு."

பிறகு காணியின் கதையைச் சொன்னார். அது ஓவசியர் என்று எல்லாரும் அழைத்த ஒருவருடையது. நீர்ப்பாசனப் பகுதியில் மேற்பார்வை வேலை பார்த்து, இளைப்பாறி, வயல் செய்து, போன மாரியில் இறந்துவிட்டார். மனைவி மனோன்மணி அக்கா தனியே இருக்கிறா. காணி நல்ல காணி, ஆனால் கிணறு இல்லை. முன்பு இருந்தது. பக்கத்துக் காணிக்காரரான செல்லையர், ஓவசியர் சாகக் கிடந்தபோது கிணற்றைத் தனக்கென்று வாயால் கொடுத்துவிட்டார் என்று சொல்லி, வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார். சாட்சி கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன பதில் ஒன்றே: "நம்பாட்டி ஓவசியரைக் கேளுங்கோ." அதற்குமேல் யார் என்ன செய்வது? அக்கா ஒரு வருடமாகக் குளத்திலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து களைத்துப் போய்த்தான் விற்கிறா.

"கிணத்தைக் கேட்டால் குளம் கிட்டத்தான் எண்டு சொல்லு" என்றார் சித்தப்பா.

மாங்குளம் சந்தியில் பஸ் மாறவேண்டும். அங்கே தையற்கடை வைத்திருந்த நானாவிடம் என் பட்டியலைக் காட்டினேன். அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் ஒரு காக்கிக் கோட்டு, அதற்கு மேல் அதே ஆணியில் ஒரு தக்கைத் தொப்பி. தலையில்லாத ஒருவர் தொப்பியோடு நிற்பதுபோல இருந்தது.

"நாலு பை இருக்கு தங்கச்சி. ஆள் சின்ன ஆள், உங்கட உயரந்தான். கையை மட்டும் மடிச்சுத் தைச்சால் சரி. மூண்டு தரம் அவிச்சுத் தோய்ச்சது."

யாருடையது என்று நான் கேட்கவில்லை. என் பட்டியலில் அந்தக் கேள்வி இல்லை.

துணுக்காய் பஸ் நடுவழியில் நின்றது. சாரதி இறங்கி எஞ்சினோடு நெடுநேரம் கதைத்தார். நாலரைக்குக் காணியில் நிற்கவேண்டிய நான் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மண்ணிறச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகினேன். கூந்தலைத் தொப்பிக்குள் திணித்தேன். கோட்டைக் கழுத்துவரை பூட்டினேன். காணி பாதையிலிருந்து ஒரு கட்டை, அதாவது ஒரு மைல் தூரம். சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு குளக்கட்டில் நடந்தேன்.

முதலில் எதிரே சைக்கிளில் ஒருவர் வந்தார். என்னைக் கண்டதும் இறங்கினார். சால்வையைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டி, சைக்கிளோடு கட்டின் சரிவில் ஒதுங்கி, நான் கடக்கும்வரை நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உடை வேலை செய்கிறது என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

குளத்தில் நாலைந்து பெண்கள் தோய்த்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் வரும்போதே சிரிப்பும் கதையும் கேட்டது. நான் கிட்ட வந்ததும் எல்லாம் ஒரேயடியாக நின்றது. ஒருத்தி கையில் பிடித்திருந்த சேலையை விட்டுவிட்டாள். அது விரிந்து மிதந்து குளத்துக்குள் போனது. எடுக்க ஒருவரும் அசையவில்லை. (உத்தியோகத் தோரணை என்றால் இதுதான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.)

குளத்து மதகான துருசடியில் ஒரு செந்நிற நாய் படுத்திருந்தது. குரைக்கவில்லை. எழுந்து உடம்பை உதறிவிட்டு, என் இடப்பக்கமாக இரண்டு அடி பின்னால் நடந்து வந்தது. நான் நின்றால் நின்றது. அதற்குப் பிறகுதான் எனக்குச் சில விஷயங்கள் பிடிக்காமல் போகத் தொடங்கின. குருவிகளின் சத்தம் இல்லை. கோட்டிலிருந்து காலையில் இல்லாத சுருட்டு மணம் ஒன்று மெல்ல எழுந்தது. வெப்பமும் வியர்வையும் பட்டால் துணியில் ஊறிய மணம் கிளம்பும் என்று எனக்குள் விளக்கம் சொல்லிக்கொண்டேன். ஆனால் என் நிழல் எனக்கு முன்னால் கட்டு நீளத்துக்கும் விழுந்து கிடந்தது. தொப்பி, சற்றுக் கூனிய தோள், நீண்ட கோட்டு. கையை அசைத்தால் அதுவும் அசைத்தது. என்றாலும் அதை என்னுடையது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கட்டிலிருந்து இறங்கியதும் நாய் முன்னுக்குப் போனது. வழி தெரிந்த நாய் என்று நினைத்துப் பின்னால் போனேன். அது வீட்டுப் படலைக்குப் போகவில்லை. வேலியோரமாய்ப் போய், ஓர் இடைவெளிக்குள்ளால் நுழைந்து, என் வரைபடத்தின்படி செல்லையருடையதான காணிக்குள் நின்றது. அங்கே, பின்னுக்குப் பாரம் கட்டிய ஏற்றக் கழியோடு ஒரு துலாக் கிணறு. அதற்கு அப்பால் பத்து அடியில் புல் மூடிய ஒரு மேடு. நாய் அதன்மேல் போய் இருந்துகொண்டது.

படத்தில் இல்லாத ஒன்று நிலத்தில் இருந்தால் எனக்குப் பொறுக்காது. பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு சப்பாத்தால் புல்லை விலக்கினேன். அடியில் எல்லைக் கல். தலையில் வெட்டிய அடையாளம் தெளிவாகத் தெரிந்தது. குறிப்பதற்குக் கொப்பியை விரித்தபோதுதான் கிணற்றின் மறுபக்கத்தில் ஒருவர் நிற்பதைக் கண்டேன்.

அவர் துலாக் கயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை விட்டார். துலா தானாகவே மெல்ல எழுந்தது. நிறைந்த வாளி ஆள் இல்லாமல் கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் தொங்கி, சொட்டுச் சொட்டாய்ச் சிந்தியது.

"ஓவசியர்" என்றார் அவர். குரல் மூச்சளவில்தான் வந்தது. "எழுதாதேங்கோ."

ஒருவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசக்கூடாது என்று படித்திருந்தேன். பென்சிலைக் கடித்தபடியே கொப்பியில் வெறும் பக்கம் ஒன்றைப் புரட்டினேன்.

"நீங்கள் தாறனெண்டு சொல்லேல்லை. சொன்னனீங்கள் எண்டு நான்தான் சொன்னனான். கல்லை நான் புரட்டேல்லை, மண்ணைப் போட்டு மூடினதுதான். நாளைக்கே வேலியைப் பழைய இடத்திலை போடுறன். அந்தக் கொப்பியை மூடுங்கோ."

நான் பென்சிலை வாயிலிருந்து எடுத்தேன்.

"அப்ப கிணறு மனோன்மணி அக்காவின்ரை காணிக்கோ ஐயா?"

அந்தத் தொப்பிக்குக் கீழிருந்து ஒரு பெண்குரல் வந்ததும் செல்லையர் சேற்றில் குந்திவிட்டார். "ஓம்" என்று மட்டும் சொன்னார்.

பின்னால் வேலியடியில் சத்தம் கேட்டுத் திரும்பினேன். இடைவெளியில் வெள்ளைச் சேலையோடு ஓர் அம்மாவும், கையில் ஊன்றுதடியோடு ஒரு முதியவரும் நின்றார்கள். மனோன்மணி அக்காவும் ஸ்டேஷன் மாஸ்டரும். எவ்வளவு நேரமாக நின்றார்களோ தெரியாது. போதுமான நேரம் நின்றிருக்கிறார்கள்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. செல்லையரைப் பார்த்துச் சொன்னா:

"நீங்கள்தானே சொன்னனீங்கள், அவரைக் கேக்கச் சொல்லி."

ஸ்டேஷன் மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "காணி நல்ல காணி, பிள்ளை. ஆனால் சொந்தக்காரர் இன்னும் விட்டுப்போகேல்லைப் போலை கிடக்கு. நான் வாறன்." கார் இருந்த பக்கம் அவர் போன வேகத்தில் தடி நிலத்தைத் தொடவே இல்லை.

நான் தொப்பியைக் கழற்றினேன். கூந்தல் அவிழ்ந்து விழுந்தது. (அந்த நேரத்தில் அதுவும் நல்லதாகத் தெரிந்திருக்காது.) அக்கா கிட்ட வந்து கோட்டின் பொத்தான்களை மேலிருந்து எண்ணினா. மூன்றாவதில் விரல் நின்றது.

"கறுப்பு நூல். நான் தைச்சது. அவரின்ரை எட்டுச் சடங்கு கழிஞ்ச கையோடை உடுப்பெல்லாத்தையும் அள்ளிக் குடுத்திட்டன். தொப்பியைக் கழட்டாமல் சுருட்டைப் பல்லிலை கடிச்சுக்கொண்டு, தண்ணி களவெடுக்கிற ஆக்களின்ரை பேரைக் கொப்பியிலை எழுதிக்கொண்டு திரிஞ்ச மனிசன்."

என் பட்டியலில் நான் விட்டுவிட்ட கேள்விக்கு அப்போதுதான் விடை கிடைத்தது. அவசரமாய்ப் பொத்தானில் கை வைத்தேன்.

"கழட்டாதேங்கோ, பிள்ளை. கல்லிலையிருந்து குளக்கட்டு மட்டும் ஒருக்கால் நடந்திட்டுக் கழட்டுங்கோ. அவர் ஒவ்வொரு பின்னேரமும் நடக்கிறவர்."

நடந்தேன். எண்ணியபடிதான் நடந்தேன், பழக்கதோஷம். நூற்றுப் பன்னிரண்டு காலடி. திரும்பி வந்து சொன்னபோது அக்கா தலையை ஆட்டினா. "ஓம். நூத்திப் பன்னிரண்டுதான்." ஒரே உயரம், ஒரே கால்வீச்சு, வியப்பில்லை என்று சொல்லிக்கொண்டேன். கோட்டை மட்டும் உடனே கழற்றிவிட்டேன்.

பேச்சை மாற்ற எண்ணி, "உங்கட நாய் நல்ல விவேகம், அக்கா. கல்லைக் காட்டினதே அதுதான்" என்றேன்.

"எந்த நாய்?"

"சிவலை நாய். அவரின்ரை நாயாக்கும்."

"அவருக்கு நாயெண்டால் கண்ணிலை காட்டேலாது. இந்த வளவிலை ஒரு நாளும் நாய் நிண்டதில்லை."

திரும்பிப் பார்த்தேன். கல்லின்மேல் ஒன்றும் இல்லை. ஈர மண்ணில் தடம் இருந்தது, கல்லுவரைக்கும். அதற்கு அப்பால் புல்.

அக்கா அன்றிரவு என்னைத் தன்னோடு படுக்க வைத்தா. விடிய எழும்பியபோது செல்லையர் வேலிக் கதிகால்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அக்கா கிணற்றில் ஒரு வாளி அள்ளி முகம் கழுவிவிட்டு, காணியை விற்கவில்லை என்று சித்தப்பாவிடம் சொல்லச் சொன்னா. தண்ணீர் இருக்கும்போது எதற்கு விற்பது?

சித்தப்பா காய்ச்சலோடு முழுவதையும் கேட்டார். நான் முடித்ததும் போர்வைக்குள் கட்டில் ஆடியது. குளிர் நடுக்கம் என்று பயந்தேன். சிரிப்பு.

"காணி வித்துத்தாறன் எண்டு போனவள், காணியைக் கூட்டிக் குடுத்திட்டு வந்து நிக்கிறாள்" என்றார். இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணிக்கு முன்னம் இந்தக் கதைதான் வரும். நல்லநாள் பெருநாளுக்கு நான் புதுச்சேலை உடுத்தால், "இது ஆரின்ரை? செத்தவை ஒருத்தரும் தேடி வரமாட்டினமே?" என்று என் தம்பிமார் கேட்பார்கள்.

அன்று நடந்தவற்றுக்கு ஓர் அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் நிகழ்வு, மறுபக்கம் விளக்கம். சைக்கிள்காரர், மிதந்த சேலை, சுருட்டு மணம், நிழல், காலடிக் கணக்கு எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதிவிட்டேன். ஒரு வரி மட்டும் வெறுமையாக இருக்கிறது.

இப்போது நிலைமை இதுதான். சித்தப்பா வெள்ளை வேட்டியில் போய்வருகிறார். நான் மேசையில் இருந்து கீறுகிறேன். ஆனால் காணியைப் பாராமல் கீறுவதில்லை. பார்க்கப் போகும்போது அரைக் கட்டைக்கு அப்பால் தெரியும் மஞ்சள் சேலை உடுக்கிறேன். மனோன்மணி அக்கா கிணற்றடியில் மிளகாய் வைத்திருக்கிறா. கோட்டும் தொப்பியும் துலாக் காலில் மாட்டியிருக்கின்றன; வேலி அதற்குப் பிறகு ஒரு விரல்கூட அசையவில்லை. நாய் யாருடையது என்று தெரியவில்லை.